வாசலில் கட்டிய கொட்டை வாழை

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் இருப்பவர்கள் பத்திரிகைக்கு எழுதுவதைப் படித்திருக்கிறேன். பனி, ரயில், பெரிய பெரிய கட்டடங்கள் என்று அழகாக எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது ஒரு வாழையைப் பற்றித்தான். அதுவும் யாரும் தின்னாத பழம் காய்க்கிற வாழை. அண்ணன் மகள் கல்யாணத்தில் அந்த மரத்துக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். அதனால்தான் உங்களிடம் வந்தேன். பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள், எனக்கு வருத்தம் இல்லை.

2

நாங்கள் இருப்பது பெல்ஜியத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு மில்லில் தறி மெக்கானிக்காக இருந்தவர். அந்தத் தறிகளைச் செய்கிற கம்பெனியே அவரை இங்கே கூப்பிட்டுக்கொண்டது. மகள் ஹரிணி அப்போது பால்வாடிக்குப் போகிற வயது. இப்போது என்னைவிட உயரம்.

வந்த புதிதில் நான் வீட்டைவிட்டு இறங்கவே மாட்டேன். பிறகு ஊராட்சிக்காரர்கள் நடத்தும் மொழி வகுப்பில் சேர்ந்தாக வேண்டும் என்று தபால் வந்தது. பயந்துகொண்டு போனேன். இந்த ஊர் மொழியிலும் மரியாதைக்கு ஒரு சொல், சமமானவர்களுக்கு ஒரு சொல் என்று இரண்டு உண்டு. நான் மரியாதைச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர், பஸ் டிரைவர், பக்கத்து வீட்டு நாய் என்று எல்லோருக்கும் அதுதான். நம் ஊரில் கைக்குழந்தையைக்கூட "வாங்க சாமி" என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அல்லவா? ஹரிணியின் தோழிகள் வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கும் அப்படியே சொல்வேன். அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். "அம்மா, ப்ளீஸ், நீங்க பேசாம இருங்க" என்பாள் ஹரிணி. அவள் தமிழில் சொல்கிற வாக்கியங்களில் அது முக்கியமான ஒன்று.

வகுப்பு எடுத்த அம்மாதான் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். ஒரு தாவர ஆராய்ச்சிக் கூடத்தின் கண்ணாடி வீட்டில் தண்ணீர் விடுவது, காய்ந்த இலையைக் கழிப்பது, தொட்டி கழுவுவது. செடிகளிடம் பேச வேண்டியதில்லை என்பதால் சரி என்றேன்.

முதல் நாள் வெளியே எலும்பைக் குத்துகிற குளிர். கதவைத் திறந்து உள்ளே போனால் கண்ணாடிக் கூரை முட்ட வாழை. ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு வியர்த்தது, அவ்வளவுதான். ஸ்வெட்டரைக் கழற்றி எங்கே மாட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவை எனக்குத் தெரிந்த வாழைகளும் இல்லை. ஒன்றில் பூ மேலே பார்த்துச் சிவப்பாக நிற்கும். ஒன்றின் தண்டில் தார் பூசியது போலக் கறுப்பு. பழம் விரல் அளவுதான். பிட்டுப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கருப்புக் கொட்டை, ஒட்டிக்கொண்டு கொஞ்சம் சதை. எல்லாம் பல நாட்டுக் காடுகளில் தானாக முளைக்கிற வாழைகளாம். யாரும் தின்னாத பழத்துக்கு இவ்வளவு செலவு செய்து சூடு மூட்டுகிறார்களே என்று எனக்கு மனசுக்குள் அடித்துக்கொள்ளும்.

கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே பல மாதம் போனது. ஒருநாள் அங்கே பொறுப்பில் இருக்கும் மார்லீன் என்ற அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்.

"நாம் தின்கிற வாழைக்கு விதை இல்லை. கன்று எடுத்துத்தான் நடுகிறோம். கன்று அப்படியே தாயின் நகல். தாய்க்கு வெயில் ஆகாதென்றால் தோட்டம் முழுக்க ஆகாது. வாடல் நோய் ஒன்றைப் பிடித்தால் எல்லாவற்றையும் பிடிக்கும். காட்டு வாழை விதையிலிருந்து வருகிறது. விதை ஒவ்வொன்றும் வேறு வேறு பிள்ளை. ஒன்று தண்ணீர் இல்லாமல் தாங்கும், ஒன்று குளிரைத் தாங்கும், ஒன்றை நோய் அண்டாது. வெயிலும் மழையும் முறை மாறிப் போகிற இந்தக் காலத்தில் நமக்கு அந்தப் பிள்ளைகள் வேண்டும்."

"அதைச் சாப்பிட முடியாதுங்களே?" என்றேன். வழக்கம்போல மரியாதைச் சொல்லில்தான்.

"அதன் குணத்தை நாம் தின்கிற வாழைக்குள் கொண்டுவர வேண்டும். பல வருட வேலை. நான் ஓய்வு பெற்ற பிறகுதான் முடியும்" என்று சிரித்தார்.

3

அண்ணன் மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறார். எங்கள் அப்பா காலம் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் வாழைக்கு மண் அணைத்தவர். அண்ணனும் அப்படித்தான் ஆரம்பித்தார். இப்போது குத்தகைக்கு நிலம் பிடித்துத் தானே நேந்திரனும் கதலியும் வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் வீடியோவில் பேசுவோம். இந்த வருடம் கோடையில் ஒரு ஞாயிறு அவர் தோட்டத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டார். முந்தின நாள் காற்று அடித்திருந்தது.

"பாரு அம்மணி, பூராப் படுத்துக்கிச்சு" என்று போனைத் திருப்பிக் காட்டினார். முட்டுக் கொடுத்திருந்த கம்போடு சேர்ந்து நேந்திரன் வரிசையாகச் சாய்ந்து கிடந்தது. காற்றுக்கு முன்னாலேயே வெயிலில் இலை ஓரம் தீய்ந்திருந்தது தெரிந்தது. "வெயிலு ஒரு பக்கம் பொசுக்குது, காத்து ஒரு பக்கம் சாய்க்குது. மழ வர்ற மாசத்துல வர்றதில்ல. நிலத்துக்காரரு தென்னை வெச்சரலாம்ங்கறாரு. தென்னை வெச்சா அப்புறம் என்னத்துக்கு நானு?"

நான் ஆறுதல் சொல்லப் பார்த்தேன். ஆனால் என் கண் அவர் தோளுக்குப் பின்னால் போயிருந்தது. தோட்டத்து ஓரத்தில் தண்ணீர் வற்றிய ஓடைப் பள்ளம். அதன் கரையில் ஒரு வாழைப் புதர் பச்சையாக நின்றது. ஒரு இலைகூடத் தீயவில்லை.

"அண்ணா, அது என்ன வாழைங்க?"

"அதா? கொட்ட வாழை. மலையில இருந்து தண்ணியில வந்து மொளச்சது. நாம சின்னப்பிள்ளையில அந்தக் கொட்டைய வெச்சுத்தான பல்லாங்குழி ஆடுனோம், மறந்துபோட்டயா?"

மறந்துதான் போயிருந்தேன். தினமும் அதே ஜாதியை இங்கே துடைத்துத் துடைத்து வைக்கிறேன், ஊரில் பார்த்தது ஞாபகம் வரவில்லை.

அண்ணன் எடுத்து அனுப்பிய அந்தப் புதரின் படத்தை மார்லீனிடம் காட்ட எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. போனை எடுப்பேன், பையில் போட்டுக்கொள்வேன். கடைசியில் அவர் காபி குடிக்கும்போது நீட்டிவிட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். குலை சின்னது, தண்டு மெல்லிசு, அதனால் காற்றுக்கு நிற்பது பெரிய அதிசயம் இல்லை என்றார். "ஆனால் இது மழை பெய்கிற மேல்மலையில் இருக்க வேண்டியது. இந்த வறண்ட பள்ளத்தில், இந்த வெயிலில், யார் தண்ணீர் விடுகிறார்கள்?"

"யாரும் விடறதில்லைங்க."

அவர் காபியை மறந்துவிட்டார்.

4

விதையைத் தபாலில் அனுப்பச் சொல்வார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவே கூடாது என்றார். ஒரு நாட்டின் விதை அந்த நாட்டின் சொத்து. அதற்கு அங்கே அனுமதி, இங்கே அனுமதி, பூச்சி இல்லை என்று சான்று. அந்தச் சமயம் என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்து, அலுவலகத்தில் இழுத்துக்கொண்டே கிடந்தது. புது அட்டை வராமல் நான் ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஆவணியில் அண்ணன் மகள் கௌசல்யாவுக்குக் கல்யாணம், அத்தை நான் போக முடியாது. எனக்கும் கொட்டை வாழைக்கும் ஒரே கதைதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வாழைக்கு வழி இருந்தது. மார்லீனுக்குத் தெரிந்த ஆராய்ச்சிக்காரர்கள் கோயமுத்தூரிலேயே இருந்தார்கள். அவர்கள் வந்து பார்த்து, விதை எடுத்து நம் ஊரிலேயே பத்திரப்படுத்துவார்கள். விதை முற்ற வேண்டும், அதுதான் முக்கியம். கன்று எடுத்தால் அந்த ஒரு மரம்தான் கிடைக்கும். விதை என்றால் அதற்குள் எத்தனையோ. புதரில் இரண்டு மரம் குலை தள்ளியிருந்தது. ஆவணிக்குள் முற்றிவிடும், கல்யாணம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை வருகிறோம் என்று அவர்கள் அண்ணனுக்கே போன் செய்து சொல்லிவிட்டார்கள்.

அதற்குமேல் தள்ளிப்போட முடியாது. அந்த வாரமே பள்ளத்துக் கரையைப் பொக்லைன் வைத்துச் சமன் செய்து தென்னங்கன்று வைக்க நிலத்துக்காரர் ஏற்பாடு செய்திருந்தார். மற்ற நிலத்தை இன்னும் ஒரு தவணை அண்ணனிடமே குத்தகைக்கு விடுவதாகச் சொன்னதே பெரிய விஷயம். புதருக்காக அவரிடம் போய் நிற்க முடியாது.

நான் அண்ணனிடம் வாராவாரம் சொன்னேன். வாழ்நாளில் அவரிடம் அவ்வளவு பேசியதே இல்லை. "அது ரொம்ப ஒசத்தியான மரம்ணா. இங்க பெரிய படிப்புப் படிச்சவங்க எல்லாம் அதப் பத்தித்தான் பேசறாங்க."

"ஏம்மணி, நான் முட்டுக் கொடுத்து, உரம் போட்டு, புள்ளையாட்டம் வளத்துன நேந்திரன ஒருத்தனும் கேக்கல. ஓணான் ஏறுற மரத்துக்கு வெளிநாட்டுல இருந்து போனு!" என்று சிரித்தார். "இதுனால எனக்கு அடுத்த வருசம் காத்துல உழுகாத வாழை கெடைக்குமா?"

"அடுத்த வருசம் கெடைக்காதுங்கண்ணா."

"அப்புறம்?"

"கௌசல்யா புள்ளைங்க காலத்துல கெடைக்கலாம்."

"செரி, ஒசத்தின்னு நீ சொல்ற. பாத்துக்கறேன்" என்றார்.

5

கல்யாணத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. எங்களுக்கு மதியம், அங்கே பொழுது சாயும் நேரம். வீட்டு முன்னாலேயே பந்தல். அண்ணி போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் காட்டினார். ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து நிறைந்திருந்தது. கௌசல்யா மருதாணிக் கையை நீட்டி, "அத்தை, கையக் கழுவச் சொல்லிராதீங்க, இன்னும் காயல" என்றாள். வீட்டுக்காரரும் ஹரிணியும் என் இரண்டு பக்கமும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது அண்ணன் போனை வாங்கி, "அம்மணி, ஒனக்கு ஒண்ணு காட்டறேன், கண்ண மூடிக்கோ" என்றார். வாசல் பக்கம் நடந்தார். "இப்பப் பாரு!"

பந்தல் வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தது. குலையோடு, பூவோடு. தண்டு மெல்லிசு. காய் விரல் அளவு.

"ஊரெல்லாம் கதலியும் பூவனும் கட்டுறான். நம்ம ஊட்டு வாசல்ல ஒன்ற மரம். நீ அவ்வளவு ஒசத்தியாச் சொன்னயே, நல்ல காரியத்துக்கு அதவிட வேற என்னத்தக் கட்டறது? நானே காலையில போயி அடியோட வெட்டியாந்தேன். நீ வர முடியாட்டியும் ஒன்ற பேரு சொல்லி நிக்குட்டும்னு."

அவர் முகம் முழுக்கச் சந்தோஷம். பின்னால் யாரோ ஒரு கிழவர், "வெளிநாட்டுல பேரு வாங்குன மரமாமா! நம்ம பள்ளத்துல கெடந்ததுக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள்.

நான், "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது? சுற்றிலும் அவ்வளவு பேர். கல்யாண வாசல். போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உன்ற அண்ணனுக்கு மேல யாரும் மரியாதை பண்ண முடியாது போ."

ஹரிணி சிரிக்கவில்லை. இந்த ஊர் மொழியில் கேட்டாள், "அது நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்த அந்த மரம்தானே? திங்கட்கிழமை ஆட்கள் வருவதாக இருந்ததே?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?" இது தமிழில்.

அவள் கோபத்தில் தோள்களைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் அடுப்படியில் நின்று மார்லீனுக்குச் செய்தி எழுதினேன். விடுமுறை நாளில் அவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று மூன்று தடவை மன்னிப்புச் சொல்லியிருந்தேன். பதில் உடனே வந்தது. வெட்டியது வெட்டியதுதான், பதற வேண்டாம். குலை தண்டோடு இருப்பது நல்லது, இன்னும் கொஞ்சம் முற்றும். உள்ளே விதை கறுத்திருந்தால் பிழைத்தது, வெள்ளையாக இருந்தால் இல்லை. திங்கட்கிழமை வரைக்கும் மாடு, ஆடு, குழந்தைகள் யாரும் தொடாமல் இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. நம் ஊர்க் கல்யாணம் தெரியுமல்லவா? தாலி கட்டிச் சாப்பாடு முடிகிறதோ இல்லையோ, வாசல் வாழையில் ஆளுக்கொரு சீப்பு போய்விடும். இதைத் தின்ன முடியாது என்று தெரிந்ததும் பிய்த்து எறிந்து விளையாடுவார்கள். பந்தல்காரர் மிச்சத்தை அறுத்து மாட்டுக்குப் போடுவார். திங்கட்கிழமை வருகிறவர்களுக்குக் கயிறு மட்டும்தான் இருக்கும்.

6

மறுபடியும் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அண்ணி, அந்தக் குலைய யாரும் தொடக்கூடாதுங்க."

"என்ன கண்ணு? சத்தமாச் சொல்லு, இங்க மைக்செட் போட்டிருக்குது."

சத்தமாகச் சொன்னேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "அந்த விதைக்காகத்தானுங்க கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க! இந்த வாரம் போச்சுன்னா புதரே இருக்காதுங்க! குலைய இப்பவே எறக்கி உள்ள வெச்சிருங்க!"

அண்ணன் போனை வாங்கினார். நடந்தது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"வெட்டக்கூடாதுன்னு நீ சொல்லலையே அம்மணி" என்றார். நிஜம். முற்ற வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள், ஒசத்தி என்றெல்லாம் சொன்னேனே தவிர வெட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. அவர் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இப்ப எறக்க முடியாது. வாசல்ல கட்டுன மரத்துக்குக் குலைய அறுக்கறதா? புள்ளை தாலி ஏறி, பொறப்பட்டுப் போற வரைக்கும் நிக்கோணும். சம்பந்தி ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

என் பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது அண்ணி பின்னால் இருந்து, "அட, இதுக்கென்னத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கறீங்க? சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் மஞ்சள் துணி. ஒரு ஒற்றை ரூபாயை வைத்து முடிந்து, குலைக்கு ஒன்றாக இரண்டிலும் கட்டினார். குங்குமமும் வைத்தார். "இப்ப எவன் தொடறான்னு பாத்துக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தார். மஞ்சள் துணி கட்டியிருந்தால் அது வேண்டுதல். என்ன வேண்டுதல், யாருக்கு வேண்டுதல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்பதும் தப்பு.

ஞாயிறு விடிகாலை நாங்கள் எழுந்து முகூர்த்தத்தைப் பார்த்தோம். ஹரிணியும் எழுந்து வந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். தாலி கட்டும்போது எங்கள் சோபாவிலிருந்து அரிசியும் மஞ்சளும் கலந்து போனின் மேல் போட்டேன். வீட்டுக்காரர் ஊதித் துடைத்தார். பிறகு அண்ணி வாசலைக் காட்டினார். குலைகள் அப்படியே இருந்தன. அடியில் யாரோ எலுமிச்சம்பழமும் இரண்டு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை ஊட்டுப் பொம்பளைங்க மூணு பேரு சுத்தி வந்து கும்புட்டுப் போறாங்க" என்று காதோடு சொன்னார் அண்ணி. "ஒரு பாட்டி, எந்த ஊருச் சாமி இதுன்னு கேட்டுச்சு. நான் பெல்ஜியத்துச் சாமின்னு சொல்லிபோட்டேன்."

ஹரிணி இதை எனக்கு முன்னால் புரிந்துகொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை என் கையிலிருந்து வாங்கி, "அத்தை, அந்தப் பழத்தை இன்னும் கிட்ட காட்டுங்க" என்றாள். ஊரில் உள்ளவர்களிடம் அவளாகப் பேசி வெகு நாள் ஆகியிருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மத்தியானமே தோழிகளோடு வெளியே போய்விட்டாள்.

7

மறுநாள் திங்கட்கிழமை. மழை. வழக்கம்போலச் சைக்கிளில் வேலைக்குப் போய்த் தண்ணீர் விட்டேன். பத்து மணி இடைவேளையில் அண்ணனிடமிருந்து படம் வந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று குலையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குலையில் விதை கறுத்திருந்தது, இன்னொன்றில் வெள்ளை. கறுத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளையை மாடு தின்றது. முடிந்து வைத்த காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டதாக அண்ணி சொன்னார். மத்தியானம் பள்ளத்துக் கரைக்குப் பொக்லைன் வந்தது.